புத்தளத்துக் கட்டாக்காலிக் கழுதைகள்

புத்தளம் நகரிலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் கழுதைகள் கேட்பாரற்றுக் கூட்டமாகத் திரிகின்றன. இலங்கையில் மன்னாரை விட்டால் இந்தக் காட்சி இங்குதான் அதிகம். இவை இந்த மண்ணுக்குரிய விலங்குகள் அல்ல. வடகிழக்கு ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் வழிவந்தவை. அரபு வணிகர் கப்பலில் கொண்டுவந்ததாகக் கரையோர மக்கள் சொல்வர். சுமை தூக்கும் வேலை லொறிகளுக்குப் போனதும் கழுதைகளுக்கு ஊரில் வேலையில்லாமற் போயிற்று.

வறண்ட கரையோரம் அவற்றுக்கு ஒத்துப்போகிறது. காய்ந்த புல்லிலிருந்தும் சத்தெடுக்கும் குடல், உடற்சூட்டைத் தணிக்கும் நீண்ட செவிகள். சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி.

ஊருக்குள் அவற்றின் பாடு கொடுமையானது. குப்பைமேட்டில் சோறு ஒட்டிய பொலித்தீன் பையை அப்படியே விழுங்குகின்றன. அது செரியாமல் குடலை அடைக்கிறது. இரவில் தார் வீதியில் அசையாமல் நிற்கும் சாம்பல் நிற உடல், அருகில் வந்த பிறகே வாகன ஓட்டியின் கண்ணில் படுகிறது. மோதினால் இரு தரப்புக்கும் ஆபத்து.

கட்டாக்காலிக் கழுதைகளைப் பிற நாடுகள் வெவ்வேறு விதமாகக் கையாண்டன. 1866இல் சுமைக்காக அவுஸ்திரேலியாவுக்குப் போன கழுதைகளின் வழித்தோன்றல்கள் இலட்சக்கணக்கில் பெருகின. பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டன. அமெரிக்காவோ 1971இல் சட்டம் இயற்றிக் காட்டுக் கழுதைகளைக் காத்தது. இரண்டாவது வழியே நமக்கு உகந்தது. மன்னாரில் கழுதைகளுக்கென்றே சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. புத்தளத்துக்கும் அது தேவை. ஆண் கழுதைகளுக்குக் கருத்தடை, கழுத்தில் ஒளிரும் பட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.