உடன்பிறந்தவர் என்னும் சொல்: நாட்டு உறுதிமொழியைச் சிறுவர்க்கு விளக்குதல்

நம் திருச்சபைப் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில், ஒரு மாணவி முன்னே நின்று நாட்டு உறுதிமொழியைத் தொடர் தொடராகச் சொல்ல, ஏனையோர் வலக்கையை முன்னே நீட்டி அதனைத் திரும்பச் சொல்லக் காண்கிறோம். முதல் வகுப்புக் குழந்தைக்கு அது ஓர் ஓசை. ஐந்தாம் வகுப்பை எட்டுவதற்குள் மனப்பாடம். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் அதன் பொருளைப்பற்றி எவரேனும் அக்குழந்தையோடு அமர்ந்து பேசினரா என்று வினவினால், பெரும்பாலும் இல்லை என்பதே விடையாகும். ஆசிரியர் அதனைப் பள்ளி ஒழுங்கின் ஒரு பகுதியாகக் கருதுகிறார். தாளாளராகிய போதகரோ, இது அரசு சார்ந்த காரியம், நமது பொறுப்பு ஞாயிறு பள்ளியோடு முடிகிறது என்று எண்ணுகிறார். இவ்வெண்ணம் சரியன்று என்பதே நம் கருத்து. அவ்வுறுதிமொழியின் இரண்டாம் தொடர் இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தவர் என்கிறது. இது இறையியல் சார்ந்த கூற்று. திருவண்ணாமலை போன்ற ஊரில் இதனைக் குழந்தைக்கு விளக்கப் புகும் போதகர், தம் சபையையும் அதே தொடரின் முன் நிறுத்தியாக வேண்டும்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். இதனை எழுதியவர் புகழ்பெற்ற தலைவர் அல்லர். நல்கொண்டா மாவட்டத்து அன்னேபர்த்தி என்னும் சிற்றூரில் 1916இல் பிறந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அலுவலராயிருந்தபோது, 1962இல் தம் தாய்மொழியாகிய தெலுங்கில் இதனை எழுதினார். சீனப் போர் மூண்ட ஆண்டு அது. 1963இல் விசாகப்பட்டினத்துப் பள்ளியொன்றில் இது முதன்முதல் வாசிக்கப்பட்டது. 1964இல் எம். சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு இதனை நாடு முழுவதற்கும் ஏற்க, 1965 ஜனவரி 26 முதல் பள்ளிகளில் வழக்கிற்கு வந்தது. சுப்பாராவ் 1988இல் மறைந்தார். கோடிக்கணக்கான குழந்தைகள் நாள்தோறும் சொன்ன சொற்களுக்கு உரியவரின் பெயர் பல்லாண்டுகள் பாடநூல்களில் அச்சாகவில்லை. கருவூலக் கணக்குகளிடையே வாழ்ந்த மனிதர் ஒருவர் இதனை எழுதினார் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லவேண்டும். சொற்கள் வானத்தினின்று விழுவதில்லை என்பதை அவர்கள் அறிவது நல்லது.

போர்க்காலத்தில் பிறந்ததாயினும் இவ்வுறுதிமொழியில் பகைவர் எவரும் இல்லை என்பது கருதத்தக்கது. கொடி இல்லை, ஆள்வோர் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. நாடு உண்டு, மக்கள் உண்டு, பெற்றோரும் ஆசிரியரும் மூத்தோரும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளின் உறுதிமொழியோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். 1892இல் அதனை எழுதிய பிரான்சிஸ் பெல்லாமி ஒரு பாப்திஸ்து போதகர். எனினும் அவரது வாசகத்தில் கடவுள் பெயர் இல்லை. அதனைச் சேர்த்தவர்கள் 1954இல் அந்நாட்டுச் சட்டமன்றத்தார். அங்கே பற்றுறுதி முதலில் கொடிக்கு, பின்னர் அக்கொடி குறிக்கும் குடியரசுக்கு. நமது உறுதிமொழியோ உறவு முறையில் தொடங்குகிறது. (அமெரிக்கச் சிறுவரும் முன்னர்க் கையை முன்னே நீட்டியே சொல்லிவந்தனர். அது ஜெர்மானிய நாஜிகளின் வணக்கத்தை ஒத்திருந்தமையால் 1942இல் கைவிடப்பட்டது. நம் நாட்டில் அவ்வையம் எழவில்லை.)

அரசுகள் பற்றுறுதி கேட்கும்போது திருச்சபை என்செய்வது என்பது நமக்குப் புதிய வினாவன்று. முதல் உலகப் போரை ஒட்டி, இந்தியாவில் பணியாற்ற வந்த பிரித்தானியரல்லாத மிஷனரிகள் அன்றைய அரசுக்குக் கீழ்ப்படிந்து அரசியலினின்று விலகியிருப்பதாக எழுத்தில் உறுதியளிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான், காந்தியடிகளின் இயக்கத்தார்பால் நட்புக் கொண்டமையால் 1930இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததை நாம் அறிவோம். ஜெர்மனியில் 1938இல் சுவிசேஷ சபைப் போதகர்கள் ஹிட்லரின் பெயரில் ஆணையிடுமாறு கேட்கப்பட்டனர், பலர் ஆணையிட்டனர். நிபந்தனையற்ற ஆணையை மறுத்த கார்ல் பார்த் அதற்கு முன்னரே, 1935இல், பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்திருந்தார். ஆதலின், எவருக்கு, எதற்காக, எவ்வெல்லைக்குள் என்னும் கேள்விகளைக் கேளாமல் எந்த உறுதிமொழியையும் ஏற்கவோ தள்ளவோ கூடாது.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சத்தியம் பண்ணுதலை விலக்கியிருக்க, கிறிஸ்தவக் குழந்தை இதனைச் சொல்லலாமா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. விடை கடினமன்று. ஆணை என்பது தன் சொல்லுக்கு மேலான ஒன்றைச் சாட்சியாக இழுத்து வைப்பது; உறுதிமொழி என்பது தன் சொல்லையே கொடுப்பது. உள்ளதை உள்ளதென்று சொல்லும் வாய்க்குரிய வடிவம் பின்னதே. ஏறத்தாழ கி. பி. 112இல் பித்தினியா மாநிலத்து ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தை இங்கு நினைவுகூரலாம். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, அடைக்கலப் பொருளை மறுப்பதில்லை என்று தம்மைக் கட்டுப்படுத்திக் கொள்கின்றனர் என்று அவர் தெரிவிக்கிறார். அக்கட்டுப்பாட்டிற்கு அவர் வழங்கும் இலத்தீன் சொல் சக்ரமெந்தும். படைவீரர் பேரரசனுக்கு இடும் ஆணைக்கும் அதுவே பெயர். பின்னாளில் திருமுழுக்கையும் திருவிருந்தையும் குறித்த சொல்லும் அதுவே. பேரரசனுக்குரிய சொல்லை எடுத்து, அயலானுக்குச் செய்யவேண்டிய கடமையை அதனுள் வைத்தனர் ஆதிச் சபையார்.

இனி அந்த இரண்டாம் தொடருக்கு வருவோம். கற்பிக்கும் முறைக்கு வெளியே தேடவேண்டுவதில்லை. லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், ஒவ்வொரு கட்டளைக்கும் பின் இதன் பொருள் என்ன என்னும் கேள்வியை வைத்தார். சொற்களை முதலில் கற்பி, மாற்றாதே. பின்னர்ப் பொருளைக் கற்பி. விரைந்து செல்லாதே என்பது போதகருக்கு அவர் காட்டிய வழி. உறுதிமொழிக்கும் அதுவே தகும். ஒரு வாரத்திற்கு ஒரு தொடர் போதும்.

உடன்பிறந்தவர் என்றால் யார் என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தை தன் அண்ணனையும் தங்கையையும் சொல்லும். அதுவே சரியான தொடக்கம், திருத்த வேண்டியதில்லை. தமிழ்ச்சொல் உடன் பிறத்தலைக் குறிக்கிறது. சுப்பாராவ் தெலுங்கில் எழுதிய சகோதரர் என்னும் சொல்லும், நம் திருமறையில் பயிலும் அதே சொல்லும், ஒரே வயிற்றில் பிறந்தவர் என்னும் பொருளன. புதிய ஏற்பாட்டின் அடெல்போஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் ஒரே கருப்பை என்பதினின்றே பிறந்தது. ஆக மூன்று மொழிகளும் ஒரு தாயைச் சுட்டுகின்றன. இப்போது குழந்தையிடம் அடுத்த கேள்வி: அண்ணன் தட்டில் நீ உண்பாயா? அவன் குடித்த குவளையில் குடிப்பாயா? அவனோடு சண்டையிட்டால் அவன் அண்ணன் அல்லன் என்று ஆகிவிடுமா? இம்மூன்றிற்கும் குழந்தை விடை சொல்லிவிடும். அதன் பின்னர், உறுதிமொழியில் அனைவரும் என்னும் சொல் ஏன் வந்தது என்று கேட்கவேண்டும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எல்லாரும் உடன்பிறந்தவராயின் யாரை மணப்பது என்று மேல்வகுப்பு மாணவர் நகைப்பது பழைய வேடிக்கை. அதனை அதட்டி அடக்கவேண்டியதில்லை. மணம் பேசுகையில் யாரை உறவாக ஏற்கிறோம், யாரை விலக்குகிறோம் என்பதை அந்த நகைப்பே வெளிக்கொணர்ந்து விடுகிறது.

ஏனெனில் நம் மாவட்டத்துக் குழந்தை, ஊர் எது, காலனி எது என்பதை உறுதிமொழியைக் கற்குமுன்பே கற்றுவிடுகிறது. காலனி என்னும் சொல்லை அரசு ஆவணங்களினின்று நீக்குவதாகத் தமிழக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் நீங்கலாம், தெரு அங்கேயே இருக்கிறது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய இயலாதிருந்த ஆதிதிராவிட மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல்துறையினரும் உடனிருக்க உள்ளே சென்று வழிபட்டனர். பிற சாதியாரின் எதிர்ப்பிற்கிடையே அது நடந்தது. ஜனவரி 30 தமிழகத்தில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படும் நாளுமாகும். நம் பாடநூல்களின் முற்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள தீண்டாமை பற்றிய வாசகம், அதனைக் குற்றம் என்பதோடு நில்லாமல் பாவம் என்றும் அழைக்கிறது. அரசின் பாடநூல் நம்முடைய சொல்லை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. அச்சொல்லின் பொருளைக் குழந்தைக்கு விளக்கத் தகுந்தவர் போதகரே அல்லரோ?

ஆனால் தென்முடியனூரை மட்டும் சுட்டிக்காட்டி நாம் அமர்ந்துவிட இயலாது. 1830களில் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதற்கு இணங்காது சபையைவிட்டு விலகினர். நம் பகுதியின் சபை வரலாறோ இன்னும் நெருக்கமானது. லைப்சிக் மிஷன் சாதிக்கு இடங்கொடுக்கிறது என்று அதனின்று பிரிந்த கார்ல் ஆக்ஸ், 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணியே டேனிஷ் மிஷனின் தமிழகப் பணிக்கு வித்தாயிற்று. அதன் வழிவந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. இவ்வரலாறு உடையவர்களாகிய நாம், நம் ஆலயங்களில் யார் எப்பக்கம் அமர்கின்றனர், கல்லறைத் தோட்டத்தில் யார் எம்மூலையில் அடக்கம் செய்யப்படுகின்றனர், பாஸ்டரேட் தேர்தலில் எக்கணக்கு எண்ணப்படுகிறது என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வோம்? குழந்தைகள் கேட்பார்கள். பொருள் சொல்லிக் கற்பித்தால் கேட்டே தீருவார்கள். பொருள் சொல்லாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஏனைய தொடர்களை விரைந்து கடக்கலாம். பன்முக மரபைப்பற்றிய தொடருக்கு இவ்வூரில் எடுத்துக்காட்டுப் பஞ்சமில்லை. பௌர்ணமி நாளில் மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் ஆந்திரத்தினின்றும் தெலங்கானத்தினின்றும் வந்தோர் திரளாக நடக்கின்றனர். உறுதிமொழி முதலில் எழுதப்பட்டது அவர்கள் மொழியில்தான் என்று குழந்தைக்குச் சொல்லலாம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்ற பதினொரு நிலை இராஜகோபுரம், அங்கு வழிபடாத கிறிஸ்தவக் குழந்தைக்கும் தன் நாட்டார் கைவேலைதான். அதனைக் கண்டு பெருமிதம் கொள்ளுதல் வழிபாடாகாது. ரமணாசிரமத்தின் அருகே நடமாடும் வெளிநாட்டார் நமக்கு உடன்பிறந்தவர் அல்லரா என்று ஒரு குழந்தை கேட்குமாயின், உறுதிமொழி நிற்கும் எல்லையை அது கண்டுகொண்டது என்று மகிழவேண்டும். நல்ல சமாரியன் கதையை எடுப்பதற்கு அதனினும் ஏற்ற வேளை வாய்க்காது.

சொல்ல மறுக்கும் குழந்தையைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சிறுவர், நாட்டுப்பண் பாடுகையில் மரியாதையாக எழுந்து நின்றும் தாம் பாடாதிருந்தமையால் 1985இல் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டு 11 அன்று உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் வழியே, அவர்களைத் திரும்பச் சேர்க்குமாறு ஆணையிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் இது நாட்டுப்பண்ணைப் பற்றியதேயன்றி உறுதிமொழியைப் பற்றியதன்று. எனினும் திருச்சபைப் பள்ளியின் தாளாளர் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அச்சிறுவரின் உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. ஆனால் அனைவரும் உடன்பிறந்தவர் என்று வாயால் சொல்ல மறுத்ததற்காக ஒரு குழந்தையை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் பள்ளி, அத்தொடரைத் தானே மீறிவிடுகிறது.

உறுதிமொழியின் இறுதித் தொடர், மக்களின் நலத்திலும் வளத்திலுமே தன் மகிழ்ச்சி இருப்பதாகச் சொல்லி முடிகிறது. பாபிலோனில் சிறையிருந்தோர்க்கு எரேமியா எழுதிய கடிதத்தை, இருபத்தொன்பதாம் அதிகாரத்தை, இதனருகே வைத்து வாசித்தால் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுப் பாடம் கிடைக்கும். தாம் விரும்பி வாராத நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதன் சமாதானத்திலேயே உங்கள் சமாதானம் இருக்கிறது என்பது அங்குள்ள கருத்து. எட்டு வயதுக்குட்பட்டவர்க்கு இதனை இவ்வாறு கேட்டால் போதும்: நம் தெருவில் தண்ணீர் வந்து, அடுத்த தெருவில் வாராவிட்டால், நமக்கு மகிழ்ச்சியா?