தபாலில் தெரிந்த பட்டாளம், நேரில் பார்த்த பட்டாளம்

தென்காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1980கள் வரை ஒரு பட்டாளத்துக்காரரின் மனைவியிடம் "அவிய எங்க இருக்காவ?" என்று கேட்டால், "வடக்க" என்றுதான் பதில் வரும். காஷ்மீரும் வடக்குதான், அசாமும் வடக்குதான். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு முகவரி: ராணுவ எண், பெயர், படைப்பிரிவு, கடைசி வரியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. முன்னது டெல்லி வழியாகவும் பின்னது கல்கத்தா வழியாகவும் பிரியும் ராணுவத் தபால். எண் மாறினால் ஆள் கிழக்கே போய்விட்டார் என்று ஊரில் ஓய்வுபெற்ற சுபேதார் யாராவது பொருள் சொல்வார். கணவர் இருக்கும் திசை தெரிய அவளுக்கு இருந்த வழி அதுதான்.

பணமும் தபாலில்தான் வந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்ப அலாட்மென்ட் என்று பிடித்து மணியார்டராக அனுப்புவார்கள். பல வீடுகளில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மாமனார். கூப்பனில் இருந்த இரண்டு வரி மட்டும் மருமகளுக்கு. கைச்செலவுக்கு அவள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கடையம், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கமெல்லாம் பெண்களின் கையிருப்பு அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்.

லீவில் வருவதே ஒரு போர். ஜம்முவில் ஏறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு எழும்பூர் போய், அங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் தென்காசி. ஜவானுக்கு வருட லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். அதைக் குற்றாலச் சீசனுக்கோ ஊர்க் கோயில் கொடைக்கோ பொருத்தி வாங்கிவருவார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்து, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்து, கூரை ஓடுகளை மாற்றி நிமிர்வதற்குள் திரும்பும் தேதி வந்துவிடும். பனி, பதுங்குகுழி, பரேடு எல்லாம் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டது தெரியாது.

இன்று அந்த மருமகளின் பேத்தி பதான்கோட்டிலோ பாக்டோக்ராவிலோ குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறாள். படைவீரர் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் கட்டும் திட்டம் 2002-ல் தொடங்கியது. கணவருக்குப் பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர், கிடைத்தால் கூடவே போகிறாள். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டுக்கு அவர் போனாலும், தனித்திருக்கும் குடும்பங்களுக்கென்று சில ஊர்களில் உள்ள எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் தங்கலாம். போன கொஞ்ச நாளில் இந்தி வந்துவிடுகிறது. கேன்டீன் கார்டு, எம்.ஐ. ரூம் என்ற மருத்துவ அறை, ஆர்மி பப்ளிக் ஸ்கூல், படாகானா என்ற கூட்டு விருந்து எல்லாம் அவளுடைய அன்றாடச் சொற்களாகிவிட்டன. அடுத்த வீட்டில் கர்வாலிப் பெண், எதிர்வீட்டில் பஞ்சாபி. ஒருத்தி பிரசவத்துக்கு மற்றவர்கள் நிற்கிறார்கள்.

அங்கே போன பிறகுதான் இன்னொன்றும் தெரிகிறது: பட்டாளத்தில் மனைவிக்கும் ரேங்க் உண்டு. ராணுவ மனைவியர் நலச் சங்கமான ஆவா 1966-லிருந்து இயங்குகிறது. அதன் கூட்டங்களில் கமாண்டிங் ஆபீசரின் மனைவி, மேம்சாப், நடுவில் உட்காருவார். சிப்பாயின் மனைவி எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். ஊரில் மாமியாருக்குக் கட்டுப்பட்டிருந்தவள் இங்கே ஒரு படிநிலைக்குக் கட்டுப்படுகிறாள். அதே கூட்டத்தில்தான் தையலும் கணினியும் கற்கிறாள், மேடையேறிப் பேசவும் பழகுகிறாள்.

சில யூனிட்களில் குடும்ப தினம் கொண்டாடுகிறார்கள். ஆயுதங்களை வரிசையாக வைத்து விளக்குவார்கள், டாங்க் மேல் ஏற்றிக் காட்டுவார்கள், சில இடங்களில் சுடுதளத்தில் பெண்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். குப்புறப் படுத்து, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் அழுத்தி, விசையை இழுக்கும்போது வரும் உதையை எந்தக் கடிதமும் சொல்லியிருக்காது. அரை நாள் விளையாட்டுத்தான். ஆனால் கணவர் தோள்வலி என்று சொன்னால் இனி அவளுக்கு விளக்கம் தேவையில்லை.

தகவல் விஷயத்தில்தான் பெரிய தலைகீழ் மாற்றம். அன்றைய மனைவி இடத்தைச் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது. இன்றைய மனைவிக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது. 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. வீட்டுக்காரியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் எதிரிக்குத் துப்பாகலாம் என்பதால், எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவளும் யோசிக்கிறாள். அத்தை கேட்டால் அவளும் "வடக்க" என்றுதான் சொல்கிறாள். ராணுவ ரகசியத்தில் அவளும் ஒரு காவலாளி.

துக்கமும் மாறியிருக்கிறது. 1965, 1971 போர்களில் வீழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே ஈமக்கடன் முடிந்துவிடும். வீட்டுக்குத் தந்தியும், பிறகு ஒரு பெட்டியும் வரும். 1999 கார்கில் போரில்தான் உடல்களைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் நிலைபெற்றது. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிரிழந்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருடைய வீர் சக்ரா விருதை 2021-ல் குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டவர் அவர் மனைவி. அதே கல்வானில் உயிரிழந்த நாயக் தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங், சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்று 2023-ல் லெப்டினன்ட் ஆனார். அவருக்கு முன்பே 2017-ல் ஸ்வாதி மகாதிக், 2021-ல் நிதிகா கவுல் என்று, கணவரை இழந்தவர்கள் அங்கிருந்து சீருடையோடு வெளிவந்திருக்கிறார்கள். பணியிலிருக்கும்போது இறந்த வீரரின் மனைவி பட்டதாரியாக இருந்தால் 35 வயது வரை விண்ணப்பிக்கலாம், எழுத்துத் தேர்வு கிடையாது, எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலில் தேற வேண்டும். குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-லிருந்து பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த வழி இருப்பதை அறிந்த குடும்பங்கள் நம் பக்கம் குறைவு.

மாற்றம் முன்னே மட்டும் போகவில்லை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் பணி முடியும்வரை மணமுடிக்கவும் கூடாது. அதன் பிறகு நிரந்தரமாவது 25 சதவீதம் பேர்வரைதான். மற்றவர்களுக்கு வீடு திரும்பிய பிறகே கல்யாணம். அவர்கள் மனைவிக்குக் குவார்ட்டர்ஸும் இல்லை, குடும்ப தினமும் இல்லை. பாட்டியைப் போல அவளும் பட்டாளத்தைக் கதையாகத்தான் கேட்பாள்.

மாறாதது காகிதம். திருமணமும் குழந்தைப் பிறப்பும் யூனிட்டில் பார்ட்-டூ ஆர்டராகப் பதிவாகவில்லை என்றால், எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் ராணுவ ஏட்டில் மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் அந்த இடத்தில்தான் முட்டி நிற்கும். பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஒரு நாள் பிசகினாலும் அலைச்சல். அன்று அந்த அலைச்சல் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசுக்கு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதில் பஸ் பயணம் குறைந்தது. பிசகு குறையவில்லை.

பாட்டிக்கு இல்லாத ஒன்று பேத்திக்கு இருக்கிறது: எந்தப் படிவத்தை யாரிடம் கேட்க வேண்டும் என்ற அறிவு. பட்டாளத்தில் குடியிருந்து அவள் சம்பாதித்தது அது. ஊர் திரும்பியவள் அதைத் தன் தெருவிலுள்ள வயதான பட்டாளத்து விதவைகளுக்குக் கொஞ்சம் செலவிட்டால் பல ஓய்வூதியங்களின் சிக்கல் தீரும். பட்டாளத்து மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நகையும் சீரும் பேசி முடித்த கையோடு, பார்ட்-டூ ஆர்டர் எப்போது போடுவார் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.