கருந்துளைக்குள் செல்லும் கணக்கு

நுழையும்முன்

கடலின் ஆழத்தை அளந்தோம். நிலவின் மண்ணை எடுத்துவந்து ஆராய்ந்தோம். ஆனால், உள்ளே சென்ற எதுவும் திரும்பாத, ஒளியும் வெளிவராத ஓரிடத்தைப் பற்றி எவ்வாறு அறிவது? அங்கிருந்து எந்தக் கருவியும் செய்தி அனுப்ப இயலாது. ஆயினும், கருந்துளையின் உட்புறம் குறித்தும் புழுத்துளைகள் குறித்தும் அறிவியலாளர் உறுதியான சில முடிவுகளைக் கூறுகின்றனர். அவர்களுக்குக் கண்ணாக விளங்குவது கணக்கு. அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

வளையும் வெளி

1915ஆம் ஆண்டு நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை நிறைவு செய்தார். ஈர்ப்பு என்பது இரு பொருள்களுக்கிடையே உள்ள இழுவிசை அன்று. பொருளின் நிறை, தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கிறது. அவ்வளைவின் வழியே பிற பொருள்கள் இயங்குகின்றன என்பது அக்கோட்பாட்டின் சாரம். முதல் உலகப்போரில் செருமானியப் படையில் பணியாற்றிக்கொண்டிருந்த கார்ல் சுவார்சுசைல்டு அதன் சமன்பாடுகளுக்குத் துல்லியமான முதல் தீர்வைக் கண்டார். அது 1916இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

ஏறத்தாழ ஏழு இலட்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள சூரியனை மூன்று கிலோமீட்டர் ஆரத்திற்குள் அடக்க முடிந்தால், அதன் ஒளிகூட வெளியேறாது என்பது அத்தீர்விலிருந்து பெறப்படும் முடிவு. அந்த எல்லையே நிகழ்வெல்லை எனப்படுகிறது. அதற்குள் நிகழ்வது எதுவும் வெளியிலிருப்போருக்குத் தெரியவாராது.

1935ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் இத்தீர்வில் மற்றொரு வியப்பைக் கண்டனர். இரு வேறு வெளிகளை இணைக்கும் பாலம் ஒன்று அதற்குள் மறைந்திருந்தது. பழத்தின் தோல்மீது ஊர்ந்து மறுபக்கம் செல்வதைவிட, பழத்தைத் துளைத்துச் செல்லும் புழுவுக்கு வழி குறைவு. அதனையொட்டி ஜான் வீலர் 1957இல் இத்தகைய பாலத்திற்குப் புழுத்துளை எனப் பெயரிட்டார்.

எல்லைக்கு உள்ளே

நிகழ்வெல்லையைக் கடந்தவருக்கு மையம் என்பது ஓர் இடமாக இருப்பதில்லை. அது வரவிருக்கும் ஒரு நேரமாகிவிடுகிறது. நாளையைத் தவிர்த்து நடக்க நம்மால் இயலாததுபோல, வளைவு எல்லையின்றிப் பெருகும் ஒருமை என்னும் அந்நிலையை அவரால் தவிர்க்க இயலாது. சுழலாத கருந்துளை ஒன்று சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுடையதாயின், எல்லையிலிருந்து ஒருமையை அடைய மிகுதியாக 0.00015 நொடி கிடைக்கும். நம் பால்வழி மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிறைக்கு இக்கணக்கைப் பொருத்தினால், ஒரு நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகக் கிடைக்கும். 2019இல் உலகம் முதன்முதலாக நிழற்படமாகக் கண்ட எம்87 விண்மீன் மண்டலக் கருந்துளையின் நிறைக்கோ ஏறத்தாழ 28 மணி நேரம் கிடைக்கும்.

இவற்றைத் தாளும் எழுதுகோலும் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஏனெனில், இங்கே கருந்துளை முழு உருண்டையாகவும் அசைவின்றியும் தனித்தும் இருப்பதாகக் கொண்டோம். இயற்கையோ அவ்வளவு ஒழுங்கானதன்று. விண்மீன்கள் சுழல்கின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன, அவற்றின்மீது ஒளியும் தூசும் இடையறாது விழுகின்றன. இவற்றைச் சேர்த்தவுடன், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஐன்ஸ்டைனின் பத்துச் சமன்பாடுகளும் கைக்கு அடங்காமல் போகின்றன. அவ்விடத்தில் துணைக்கு வருவது எண்முறை உருவகம்.

சமன்பாட்டை எண்ணாக்குதல்

எண்முறை உருவகம் என்பது யாது? நீண்ட இரும்புக் கம்பி ஒன்றின் நடுப்பகுதியை மட்டும் சூடேற்றுவதாகக் கொள்வோம். வெப்பம் கம்பியிலிருந்து வெளியே கசியவில்லை எனவும் கொள்வோம். சம இடைவெளியில் ஐந்து புள்ளிகளைக் குறிக்கிறோம். நடுப்புள்ளி சுற்றுப்புறத்தைவிட 80 பாகை மிகுதியாகச் சுடுகிறது. மற்றவற்றில் மிகுதி இல்லை. எனவே, தொடக்க நிலை 0, 0, 80, 0, 0.

ஒரு சிறு நேரம் கழிந்தபின் ஒரு புள்ளியின் புதிய மதிப்பு, அதன் பழைய மதிப்பில் பாதியும் இருபுறத்து அண்டைப் புள்ளிகளின் மதிப்பில் தலா காற்பங்கும் சேர்ந்தது என்பது விதி. அதன்படி அடுத்த நிலை 0, 20, 40, 20, 0 ஆகும். அதற்கடுத்த நிலை 5, 20, 30, 20, 5 ஆகும். வெப்பம் பரவுவதை, நுண்கணிதச் சமன்பாட்டைத் தீர்க்காமலே, கூட்டலாலும் வகுத்தலாலும் பின்தொடர்ந்துவிட்டோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று நிலைகளிலும் கூட்டுத்தொகை 80 ஆகவே உள்ளது. வெப்பம் கசியாத கம்பியில் அது மாறக்கூடாது. மாறியிருந்தால், கணக்கில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது எனப் பொருள். உருவகத்தின் உள்ளேயே அதனைச் சோதிக்கும் உரைகல்லும் இருக்கிறது.

கருந்துளைக் கணக்கும் இவ்வாறே அமைகிறது. வெளி முழுவதும் கட்டவலை ஒன்று விரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் வெளியின் வளைவு எண்களாகக் குறிக்கப்படுகிறது. ஒரு நொடியில் வெளியின் நிலை முழுதும் தெரிந்தால், அதன் எதிர்காலத்தைச் சமன்பாடுகள் தீர்மானிக்கும் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் இவோன் சொகே-புருவா 1952இல் மெய்ப்பித்தார். இம்முறையில், ஐன்ஸ்டைனின் பத்துச் சமன்பாடுகளுள் ஆறு, அடுத்த நொடியைக் கணிக்கப் பயன்படுகின்றன. எஞ்சிய நான்கும் ஒவ்வொரு நொடியிலும் நிறைவேற வேண்டிய கட்டுப்பாடுகள். நம் கம்பியில் 80 என்னும் கூட்டுத்தொகை செய்த காவற்பணியை அந்நான்கும் செய்கின்றன.

நாற்பதாண்டு முயற்சி

1964ஆம் ஆண்டு சூசன் ஹான், ரிச்சர்டு லிண்ட்குவிஸ்டு ஆகிய இருவரும் ஐ.பி.எம். 7090 என்னும் கணினியில் இத்தகைய கணக்கை முதன்முதலாக ஓடவிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், இரு வாய்களையுடைய ஒரு புழுத்துளை. கணக்கு சிறிது தொலைவே சென்றது. பிழைகள் பெருகியமையால் தொடர இயலவில்லை. ஒருமையை நெருங்கும்போது எண்கள் எல்லையின்றிப் பெருத்தன. எல்லையின்மையை எழுதக் கணினியில் இடமில்லை.

இந்த இடரைக் கடக்க இரு வழிகள் கண்டறியப்பட்டன. நிகழ்வெல்லைக்குள் நிகழும் எதுவும் வெளியே வராது. ஆகவே, உட்புறத்தின் ஒரு பகுதியைக் கட்டவலையிலிருந்து வெட்டி நீக்கினாலும் வெளிக்கணக்கு கெடாது. நம் அறிவுக்குத் தடையாக நின்ற எல்லையே கணக்கிற்கு அரணாகவும் அமைந்தது. இவ்வழியைப் பின்பற்றி, 2005ஆம் ஆண்டு பிரான்சு பிரிட்டோரியசு இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிவந்து இணைவதை முழுமையாகக் கணக்கிட்டார். மற்றொரு வழியில், ஒவ்வொரு கருந்துளையும் வேறொரு வெளிக்குச் செல்லும் புழுத்துளையாகவே தொடக்கத்தில் வரையப்படுகிறது. கணக்கு நகர நகர, அந்தப் புழுத்துளையின் மறுபக்கம் கட்டவலையிலிருந்து விலகிவிடுகிறது; எஞ்சுவது எக்காளத்தின் குழல்போல் நீண்டு செல்லும் வடிவம். சில மாத இடைவெளியில் அமெரிக்காவின் இரு ஆய்வுக்குழுக்கள் இவ்வழியிலும் வெற்றி கண்டன.

இக்கணக்குகளுக்குச் சான்று விண்ணிலிருந்தே வந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகம் ஈர்ப்பலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுடைய இரு கருந்துளைகள் இணைந்து 62 மடங்கு நிறையுடைய ஒன்றாயின. எஞ்சிய மூன்று சூரிய நிறை அலைகளாகப் பரவியது. பதிவான அலையின் வடிவம், கணினி முன்னரே காட்டியிருந்த வடிவத்தோடு பொருந்தியது.

தெரியுமா?

பெங்களூரைச் சேர்ந்த இயற்பியலாளர் சி. வி. விசுவேசுவரா, அடித்த மணி ஒலித்து அடங்குவதுபோல, அலைகளால் தாக்கப்பட்ட கருந்துளையும் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் கணக்கிட்டுக் காட்டினார். 2015இல் பதிவான அலையின் இறுதிப்பகுதியும் அவ்வாறு அடங்கும் அதிர்வாகவே அமைந்திருந்தது.

உள்ளே நுழைந்த கணக்கு

வெளிக்கணக்கிற்காக உட்புறத்தை வெட்டி நீக்கியோர் ஒருபுறமிருக்க, உட்புறத்தையே கணக்கிட முனைந்தோரும் உண்டு. சுழலும் கருந்துளைக்குரிய தீர்வை 1963இல் ராய் கெர் கண்டறிந்தார். அதன்படி, நிகழ்வெல்லைக்கு உள்ளே மற்றொரு எல்லை உண்டு. அந்த உள்ளெல்லையைக் கடந்தால் வேறொரு பேரண்டத்திற்கு வழி திறக்கும் எனச் சமன்பாடு கூறியது.

அவ்வழி மெய்யாகவே திறந்திருக்குமா? வெளியுலகிலிருந்து பின்தொடர்ந்து விழும் ஒளியை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் விழும் ஒளி முழுவதும் உள்ளெல்லையில் ஒரு நொடிக்குள் நெருக்கப்பட்டு, அளவிறந்த ஆற்றலைப் பெறுகிறது. இதனை ரோஜர் பென்ரோஸ் 1968இல் சுட்டிக்காட்டினார். நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் மின்னூட்டமுள்ள கருந்துளையை எடுத்துக்கொண்டு, சிறு கலக்கமும் உள்ளெல்லையில் எவ்வாறு பேருருக் கொள்ளும் என்பதை 1982இல் கணித வழியில் காட்டினர். அக்கலக்கம் திரும்ப வெளியையே வளைத்தால் என்ன நேரும் என்பதை எரிக் புவாசோனும் வெர்னர் இசுரேலும் 1990இல் ஆராய்ந்தனர். 1995இல் பாட்ரிக் பிரேடியும் ஜான் சுமித்தும் அதனைக் கணினியில் எண்முறையில் பின்தொடர்ந்தனர். உள்ளெல்லை வாயிலாக நிற்கவில்லை. அதுவே ஒருமையாக மாறிச் சுருங்கிற்று. அவ்வொருமை எவ்வளவு கடுமையானது என்னும் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

புழுத்துளையின் கதையும் இத்தகையதே. ஐன்ஸ்டைன்-ரோசன் பாலம் திறந்து மூடும் விரைவில் ஒளியும் அதனைக் கடக்க இயலாது என்பதை 1962இல் ராபர்ட் புல்லரும் வீலரும் நிறுவினர். கடக்கத்தக்க புழுத்துளைக்கு எதிர்ம ஆற்றலுடைய பொருள் தேவை என 1988இல் மைக்கேல் மாரிசும் கிப் தோர்னும் காட்டினர். அத்தகைய பொருள் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டு, 2002இல் ஹிசாக்கி சின்காயும் சான் ஹேவர்டும் ஒரு புழுத்துளையைக் கணினியில் அமைத்தனர். அதற்குள் சிறிதளவு இயல்பான ஆற்றலை அனுப்பியபோது கழுத்துப்பகுதி சுருங்கி, அது கருந்துளையாயிற்று. எதிர்ம ஆற்றலைக் கூட்டியபோது கழுத்து வீங்கிப் பெருகிற்று. கடந்து செல்லும் பயணியும் இயல்பான ஆற்றலின் ஒரு திரளே. அவர் நுழைவதே வாயிலை அடைக்கப் போதுமானது.

இவ்விரு முடிவுகளிலும் பொதுவான ஓர் உண்மை உண்டு. எவரும் நுழையாத, எதுவும் விழாத வெற்று நிலையில்தான் சமன்பாடு வாயிலைத் திறந்து காட்டியது. இயற்கையில் தவிர்க்க இயலாத சிறு கலக்கத்தைச் சேர்த்தவுடன் அவ்வாயில் அடைபட்டது. எழிலான தீர்வு ஒன்று தாளில் நிற்பதும், அது உலகில் நிலைத்து நிற்பதும் வேறு வேறு. அவ்வேறுபாட்டை நமக்குப் புலப்படுத்தியது எண்முறை உருவகமே.

நம்பலாமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். கணினி தரும் விடைக்கு அத்தகைய ஒரு பதம் போதாது. கட்டவலையின் இடைவெளியைப் பாதியாக்கி, கணக்கை மீண்டும் ஓடவிட வேண்டும். முறைக்கேற்ற அளவில் பிழை குறைய வேண்டும். நான்கு கட்டுப்பாடுகளும் நிறைவேற வேண்டும். வெவ்வேறு குழுவினர் தனித்தனியே எழுதிய நிரல்கள் ஒரே விடையைத் தர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும், திரையில் தோன்றும் உருவம் வெறும் ஓவியமே.

இச்சோதனைகளில் தேறிய பின்னும் ஓர் எல்லை உண்டு. வெளிக்கணக்கிற்கு ஈர்ப்பலைகள் சான்று பகர்ந்தன. உட்கணக்கிற்கு அத்தகைய சான்று வரப்போவதில்லை. வெளியில் மெய்யென நிறுவப்பட்ட அதே சமன்பாடுகள் உள்ளேயும் பொருந்தும் என்னும் நம்பிக்கையின்மீது அது நிற்கிறது. ஒருமைக்கு மிக அருகில் அந்நம்பிக்கையும் தளர்கிறது. அங்கே குவாண்டம் விதிகளையும் ஈர்ப்பையும் இணைக்கும் கோட்பாடு தேவை. அது இன்னும் முழுமை பெறவில்லை.

திரைப்படங்களிலும் இணையத்திலும் கருந்துளையின் உட்புறமென்று வண்ணக் காட்சிகள் பலவற்றை நீங்கள் காணலாம். அவற்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். எந்தச் சமன்பாட்டிலிருந்து இது பிறந்தது? எவற்றை எளிமையாக்கி, எவற்றை விட்டுவிட்டனர்? எந்தச் சோதனையில் இது தேறியது? கண்ணால் காண இயலாத ஒன்றை, முறையாகக் கணக்கிட்ட முடிவு எது, வெறுங்கற்பனை எது எனப் பிரித்தறிய இவ்வினாக்கள் துணைசெய்யும்.