மாநாட்டு நாட்களும் நம் லோடுகளும்

உலகத் தலைவர்கள் நம் நாட்டில் கூடுவது பெருமைதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களுக்காகச் சாலையை அடைத்தால் முதலில் நிற்பது சரக்கு லாரி. ஆகவே சேலம், நாமக்கல் வியாபாரிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் டெல்லி பிரகதி மைதானத்தில் ஜி-20 மாநாடு நடந்தது. 8 முதல் 10 வரை டெல்லியில் பொது விடுமுறை. புதுடெல்லி மாவட்டத்தில் கடைகள் அடைப்பு. 7ஆம் தேதி இரவு முதல் 10ஆம் தேதி நள்ளிரவு வரை சரக்கு லாரிகள் நகருக்குள் நுழையத் தடை. வடக்கு ரயில்வேயும் 200க்கும் மேற்பட்ட ரயில்களை ரத்து செய்தது. பால், காய்கறி, பழம், மருந்து போன்றவற்றுக்கு மட்டும் லாரித் தடையிலிருந்து விலக்கு. ஜவ்வரிசியும் சாப்பாட்டுச் சாமான்தானே என்று எல்லையில் நின்று போலீசாரிடம் வாதாடுவது நடக்கிற காரியமா?

டெல்லி வியாபாரிக்குத் தடை 7ஆம் தேதி. நமக்கோ அது 3ஆம் தேதியே ஆரம்பம். சேலத்திலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,300 கி.மீ.; லாரி போய்ச் சேர நான்கைந்து நாள் ஆகும். செவ்வாய்ப்பேட்டையில் 3ஆம் தேதி மாலை ஏற்றிய லோடு நேராகத் தடையில்தான் போய் நிற்கும்.

ஆனாலும் தூரத்து லோடைவிடப் பக்கத்து லோடுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது நம் கருத்து. இ-வே பில் இப்போது 200 கி.மீ.க்கு ஒரு நாள் வீதம் செல்லும். டெல்லிக்கு 12 நாள் கிடைக்கிறது. மூன்று நாள் நின்றாலும் பில் தாங்கும். சென்னை சுமார் 340 கி.மீ. என்பதால் இரண்டே நாள்தான். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது சென்னையில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த மாதம் 27ஆம் தேதி தீபாவளி. எல்லாரும் சரக்கு அனுப்பும் நேரம் அது. அப்படி ஒரு நேரத்தில் லாரி ஊருக்கு வெளியே நின்று, பில் காலாவதியாகி, சோதனையில் பிடிபட்டால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கேட்கலாம்.

ஹால்டிங் சார்ஜ் யார் தலையில் என்பதை லோடு ஏற்றுமுன்பே பார்ட்டியிடமும் லாரி ஆபீசிலும் பேசி எழுதிக்கொள்வது நல்லது. லாரி நின்ற பிறகு பேசினால் மூன்று பேருக்கும் மனஸ்தாபம்தான். பில்லை நீட்டிக்க, அது முடியும் நேரத்துக்கு முன் 8 மணியும் பின் 8 மணியும் அவகாசம் உண்டு. நள்ளிரவில் முடிகிற பில் என்றால் மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணிக்குள் செய்துவிட வேண்டும். லாரி ஆபீசில் காலையில் கடை திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நேரம் போய்விடும். இரவிலேயே ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள்.