போகித் தீ வளர்க்கும் முறை

மார்கழித் திங்களின் நிறைவு நாளாகிய போகியன்று, வைகறைப் பொழுதில் வீட்டின் கொல்லைப்புறத்திலோ வாயிலிலோ தீ வளர்த்து, வேண்டாத பழம்பொருள்களை அதில் இடுவது நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கமாகும். அத்தீ நன்கு எரிவதும், தீங்கின்றி அடங்குவதும், மூட்டுவதற்கு முன் நாம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்தவை. நெருப்புப் பற்றிய பின்னர் இடத்தை மாற்ற இயலாது.

கார்த்திகைத் திருநாளில் திருக்கோயில்களில் சொக்கப்பனை கொளுத்தப்படுவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். பனைமரத்தை நிலத்தில் ஆழ ஊன்றி, அதனைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கட்டி, கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் அதனை அமைப்பர். ஓலை நொடிப்பொழுதில் பற்றி ஓங்கி எரியும். பொறிகள் வெகுதூரம் பறக்கும். சுற்றிலும் திறந்த வெளி இருப்பதனாலேயே அங்கு அது பொருந்துகிறது. வீட்டுக் கொல்லையில் அத்தகைய வெளி இராது. ஆதலின் முழங்கால் உயரமுள்ள குவியலே அங்குப் போதுமானது.

வீடு, கூரைக் கொட்டகை, வைக்கோற்போர், வேலி ஆகியவற்றிலிருந்து 15 அடிக்குக் குறையாத தொலைவில் இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். தலைக்கு மேலே மின்கம்பியோ, காய்ந்த மட்டை தொங்கும் தென்னையோ இருத்தல் கூடாது. சருகுகளைக் கூட்டி அகற்றி, அரையடி ஆழத்திற்குக் குழி தோண்டி, வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாக அணைத்துவிடலாம். கரைக்குச் செங்கல் வைப்போர் உலர்ந்த கல்லையே வைத்தல் வேண்டும். ஆற்றங்கரைக் கூழாங்கற்களை வைத்தலாகாது; அவற்றின் உள்ளே தங்கிய நீர் கொதித்து ஆவியாகிக் கல்லையே வெடிக்கச் செய்யும். மூங்கிலும் அவ்வாறே கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றினால் வெடிக்கும் இயல்புடையது. பிளந்து இட்டால் அவ்வச்சம் இல்லை.

சில நாள்களுக்கு முன்பே விறகையும் சருகையும் குவித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அக்குவியலில் பாம்பும் ஓணானும் புகுந்திருக்கும். பூனை குட்டி ஈன்றிருப்பதும் உண்டு. ஆகவே அன்று காலையில் அதனைக் கலைத்துப் பார்த்து, புதிதாக அடுக்கிய பின்னரே தீ மூட்டுதல் வேண்டும். உயிர்க்கொலை நேராமல் காப்பதற்குச் சில நிமிடங்களே செலவாகும்.

சுள்ளி, தென்னம்பன்னாடை, காய்ந்த மட்டை, வறட்டி ஆகியவை தக்க எரிபொருள்கள். பச்சை விறகும் ஈர விறகும் புகையை மிகுவிப்பன. பற்றவைப்பதற்குச் சிறிது கற்பூரமே போதும். பெட்ரோல் ஊற்றுவது பெரும் பிழை. அதன் ஆவி காற்றைக் காட்டிலும் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி நம் காலடி வரை வந்திருக்கும். தீக்குச்சியைக் கிழித்தவுடன் அந்த ஆவி முழுவதும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும்.

இனி, தீயில் எதனை இடுவது? டயர், டியூப், நெகிழிப் பொருள்கள், வண்ணம் பூசிய பலகை ஆகியவற்றின் புகை நஞ்சாகும். மார்கழி வைகறையில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து கனத்திருக்க, மேலே வெப்பம் மிகுந்த காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. அதனால் புகை உயர எழாமல் குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறைகளுக்குள் புகுகின்றது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் சூழ்ந்ததால் தரையிறங்க இயலாத விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வீட்டுக்கு ஒரு குவியல் என்றில்லாமல் தெருவுக்கு ஒன்று என அண்டை வீட்டார் கூடி வளர்த்தால் புகையும் குறையும், பண்டிகையின் களிப்பும் கூடும்.

பரண்களில் கிடக்கும் பழைய ஓலைச்சுவடிகளை ஒருபோதும் தீயில் இடலாகாது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்று கேட்டு மனம் நொந்ததைத் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அவ்வேடுகளில் இருந்தவை யாவை என்பதை இனி எவரும் அறிய இயலாது. தம் வீட்டுச் சுவடியைப் படிக்கத் தெரியாதவர்கள் அதனைச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் போன்ற இடங்களில் காட்டலாம். பழைய பத்திரங்களையும் கடிதக் கட்டுகளையும் பிரித்துப் பார்க்காமல் எறிதல் நன்றன்று. உடுக்கத் தகுந்த ஆடைகளை இல்லாதோர்க்கு ஈயலாம்.

தீயின் அருகில் நிற்போர் பருத்தி ஆடை உடுத்தல் நலம். நைலான் முதலியவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இடுப்பில் செருகுதலும், வேட்டியை மடித்துக் கட்டுதலும் வேண்டும். பறை கொட்டி மகிழும் சிறுவர்கள் தீக்கு நெருங்கி வராதபடி பெரியவர் ஒருவர் இறுதிவரை அங்கேயே இருத்தல் வேண்டும். இரண்டு வாளி நீர், மணல், நனைத்த கோணிச் சாக்கு ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. தரையில் படுத்து உருளுதல் வேண்டும். சுட்ட இடத்தில் மையோ பற்பசையோ நெய்யோ தடவாமல், 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் படச் செய்து மருத்துவரை அணுகுக. தீயணைப்புக்கு 101, அவசர ஊர்திக்கு 108.

தீயை அணைப்பதில்தான் பலரும் அசட்டையாக இருக்கின்றனர். சுடர் மறைந்தவுடன் பொங்கல் வேலைகளைக் கவனிக்கச் சென்றுவிடுவர். சாம்பலின் அடியில் கனல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். பகற்காற்று எழும்போது மீண்டும் பற்றும். ஆகவே நீர் தெளித்து, கோலால் கிளறி, மீண்டும் தெளித்து, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே நெருக்கமாக நீட்டிப் பார்த்து, வெம்மை இல்லை என்று தெளிந்த பின்னரே அகலுதல் வேண்டும். விறகும் சருகும் மட்டுமே எரிந்த சாம்பலில் சாம்பற்சத்து உண்டு. முற்றும் ஆறியபின் கொல்லையிலுள்ள வாழைக்கும் அவரைப் பந்தலுக்கும் சிறிது சிறிதாகத் தூவலாம்.