காவலூர் நட்சத்திரமும் பாலாற்று நுரையும்

ஆலங்காயத்துல இருந்து மலை ஏறினா காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போற நேரம். மறைக்கறதுக்கு முன்னாடியே நட்சத்திர வெளிச்சம் சில விநாடி மங்கிடுச்சு. காவலூர்ல பாத்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், 'யுரேனஸுக்குப் புதுசா ஒரு துணைக்கோள்'னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. ஆனா இந்தியப் பெருங்கடலுக்கு மேல விமானத்துல இருந்து பாத்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளுக்கு இந்தப் பக்கம் அஞ்சு மங்கல், அந்தப் பக்கமும் அஞ்சு. துணைக்கோள் அப்படி ஜோடி போட்டு நிக்காது. அது வளையம்! துணைக்கோள் கருத்து அதோட முடிஞ்சுது.

சமூக அறிவியல்ல ஒரு தியரிய இப்படித் தோக்கடிக்க முடியுமா? மலை இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வாங்க.

1965-ல மன்கர் ஆல்சன்னு ஒரு பொருளாதார அறிஞர் சொன்னார்: கூட்டம் பெருசானா, பொதுக்காரியத்துக்கு யாரும் தானா காசு எடுக்க மாட்டாங்க. 'அடுத்தவன் குடுக்கட்டும்'னு இருப்பாங்க. ஆனா பாலாற்றங்கரையில ஒருத்தருக்கொருத்தர் போட்டியான, தோல் பதனிடற டேனரிக்காரங்க பங்கு போட்டு, கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்களே? வாணியம்பாடியில வானிடெக், ராணிப்பேட்டையில ராணிடெக். அப்போ ஆல்சன் அவுட்டா?

இல்ல. கட்டாயப்படுத்தினா சேருவாங்கன்னு அவரே எழுதி வச்சிருந்தார். இங்க கட்டாயத்துக்குக் குறைவே இல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்புக்குக் கெடுவும் வச்சுது.

எது நடந்தாலும் 'எங்க தியரி சரி'ன்னு சொல்றதைத்தான் அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் கிண்டலடிச்சார். ஆல்சனும் அந்த ரகமா? என்னைக் கேட்டா, இல்ல. விதிவிலக்கை 31 வருஷம் முன்னாடியே எழுதிட்டார். தோத்த பிறகு ஒட்டுப் போட்டாத்தான் போங்காட்டம். இங்க சிக்கல் வேற: கோர்ட்டு இல்லாத இன்னொரு 1996-ஐ நம்மால நடத்திப் பாக்க முடியாது. காவலூருக்கோ ஒரு நட்சத்திரம் போனா இன்னொரு நட்சத்திரம் வரும்.

ஆனா சின்னதா ஒரு சோதனை பாக்கி இருக்கு. ஆல்சன் சொல்றது சரின்னா, கண்காணிப்பு தளர்ற நேரத்துல, அதாவது ஆத்துல வெள்ளம் ஓடறப்ப, யாராவது கழிவைத் திறந்துவிடணும். பாலாத்துல மழைக்கு நுரை பொங்குதுன்னு ஊர்க்காரங்க புகார் சொல்றது அவர் பக்கம்தான் பேசுது. ஆனா நுரை வந்த நாளை எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க, வராத நாளை யாரும் எடுக்கறதில்ல.

அதனால கரையோரத்துல இருக்கறவங்க கமெண்ட்ல எழுதுங்க: தேதி, ஊர், மழை அளவு. நல்ல மழையிலயும் நுரையே இல்லாத ஆத்தைப் பாத்தவங்க அவசியம் எழுதுங்க.