கடையிலேயே ஒட்டும் காகிதக் கவர்: கட்டுப்படியாகுமா?

2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. கேரி பேக் போனதும் சிறு மளிகைக் கடைக்காரர்களுக்கு உடனே உறைத்தது கவர் செலவுதான். சரக்கெடுக்க வந்த ஒரு தம்பி, "கவருக்கே காசு போனா சீனியில என்ன அண்ணாச்சி மிஞ்சும்?" என்று கேட்டார். பாக்கி வசூலாகாத மாதம் அவருக்கு. நியாயமான கேள்விதான். பதில் தெரிந்துகொள்ள நாங்களே குடோனில் உட்கார்ந்து கவர் ஒட்டிப் பார்த்தோம்.

பழைய பேப்பர் இருக்கிறதே, செலவே இல்லையே என்று பலர் நினைப்பார்கள். உணவுப் பொருளுக்கு அது கூடாது. அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டு விதிகள் செய்தித்தாளில் உணவு மடிப்பதை அடியோடு தடுத்துவிட்டன. சோப்பு, கற்பூரம், மெழுகுவர்த்தி, ஆணி ஆகியவற்றுக்குப் பழைய பேப்பர் கவர் தாராளமாகப் போதும். பருப்புக்கும் சீனிக்கும் அச்சடிக்காத புதுக் காக்கித் தாள்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் 60 கிராம் எடையுள்ள தாள் என்றால், அரைக் கிலோ சீனி கொள்ளும் கவருக்கு 40 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் துண்டு வேண்டும். அதன் எடை 6 கிராம். ஒரு கிலோ தாளில் 166 துண்டு. வெட்டுக் கழிவு போக 150 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் தாள் கிலோ என்ன விலையோ அதை 150-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள். அதற்குமேல் பசைச் செலவு சொற்பம். நாலு கடைக்காரர் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும்.

பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு இளந்தீயில் கிண்ட வேண்டும். கண்ணாடி போல் ஆனதும் இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், உணவுக் கவருக்கு ஒரு சிட்டிகைகூட ஆகாது. துத்தம் இல்லாத பசை மறுநாளே புளிக்கும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சுவதே சரி. ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். பின் கழன்று பருப்புக்குள் விழுந்தால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் வீட்டில் இருவர் உட்கார்ந்து முதல் ஒரு மணி நேரத்தில் 80 கவர் ஒட்டினோம். கை பழகியபின் அது கூடியது. ஆகவே கூலிக்கு ஆள் வைத்து ஒட்டினால் கட்டுப்படியாகாது என்பதே நம் அபிப்பிராயம். பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் கடையில் இருப்பவர்களே ஒட்டினால்தான் மிச்சம். (படிக்கிற பிள்ளைகளை இதில் உட்கார வைக்காதீர்கள்.)

எடை விஷயத்தில் கவனம் தேவை. கவரின் 6 கிராமைச் சீனியோடு சேர்த்து நிறுத்தால், நூறு கவரில் 600 கிராம் சீனி வாடிக்கையாளருக்குக் குறைகிறது. வெறுங்கவரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு சரக்கைப் போடுங்கள். முத்திரை ஆய்வாளர் வந்தாலும் பயமில்லை.

வெல்லத்துக்கும் புளிக்கும் இந்தக் கவர் ஒத்துவராது. ஈரம் பிடித்து அடி கழன்றுவிடும். அவற்றுக்கு மந்தாரை இலையோ வாழை இலையோ வைத்துக் கட்டுவதே நல்லது. மைதா வாடைக்குக் கரப்பானும் எலியும் வரும் என்பதால், ஒட்டிய கவரை நன்றாகக் காயவைத்து மூடியுள்ள தகர டின்னில் அடுக்குங்கள். ஒரு வாரத் தேவைக்கு மேல் ஒட்டி வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.